கமா போட்டு 'ஹவெவர்' எழுதலாமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பார்ட்டிக்கு அனுப்பிய மெயிலில் 'வீ சென்ட் தி இன்வாய்ஸ், ஹவெவர் தி பேமென்ட் இஸ் பெண்டிங்' என்று எழுதினேன். மேனேஜர் தப்பு என்கிறார். 'பட்' போட்டால் சரியாம். இரண்டுக்குமே 'ஆனால்' என்றுதானே அர்த்தம்?

பதில்: அர்த்தம் ஒன்றுதான், வேலை வேறு. உங்கள் மேனேஜர் சொன்னது சரி. 'பட்' இணைப்புச் சொல். ஒரு கமாவை வைத்துக்கொண்டு இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துவிடும். 'ஹவெவர்' வினையடை, அதனால் அப்படிச் சேர்க்க முடியாது. எனவே 'இன்வாய்ஸ்' முடிந்ததும் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வையுங்கள். பிறகு 'ஹவெவர்', அதன் பின்னால் ஒரு கமா.

அந்தப் பின் கமாவை விட்டுவிடாதீர்கள். கமா இல்லாத 'ஹவெவர்' வேறு ஆள். 'ஹவெவர் லேட் தி டிரெய்ன் இஸ், ஐ வில் வெயிட்' என்றால், ரயில் எவ்வளவு லேட்டானாலும் காத்திருப்பேன் என்று பொருள். இங்கே 'ஆனால்' என்ற பேச்சே இல்லை.

வாக்கியத்தின் நடுவிலும் இது வரும். எனக்குப் பிடித்த இடம் அதுதான். 'தி ஸ்டாஃப் அக்ரீட். தி மேனேஜர், ஹவெவர், ரெஃப்யூஸ்ட்.' ஊழியர்கள் ஒப்புக்கொண்டார்கள், மேனேஜரோ மறுத்துவிட்டார். நம்முடைய அந்த 'ஓ' செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் இது செய்கிறது. இருபுறமும் கமா வேண்டும். முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வாக்கியத்தை 'ஹவெவர்' என்று தொடங்கக் கூடாது என்று பழைய இலக்கண வாத்தியார்கள் சொல்வார்கள். இப்போது பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை, தாராளமாகத் தொடங்கலாம்.

அப்புறம், நம் ஊர் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒன்று: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ கேம்.' 'ஆல்தோ' வந்தாலே 'மழை பெய்தாலும்' என்று ஆகிவிடுகிறது, 'பட்' எதற்கு? இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். 'பட் ஹவெவர்' என்று சேர்த்து எழுதுவதும் இதே கதைதான்.

உங்கள் மெயிலுக்கு நானாக இருந்தால் 'பட்' என்றே எழுதுவேன். பாக்கி கேட்கும்போது 'ஹவெவர்' கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். மூன்றாவது ரிமைண்டருக்கும் பதில் இல்லையென்றால், சரி, அந்த விறைப்பு இருக்கட்டும்.