சங்கு நண்டு மண்ணுக்குள் போய் இரண்டு வாரம் ஆகிறது. செத்துவிட்டதா, தோண்டிப் பார்க்கலாமா?

தோண்டாதீர்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நாகர்கோவிலில் இருப்பதாகவும், இரண்டு நண்டில் ஒன்று மண்ணுக்குள் போய்விட்டது, மற்றது மேலேயே சாம்பல் நிறமாகி அசையாமல் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா, அடியில் நாலு விரல் மண், ஒரு ஸ்பாஞ்ச் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான் விற்கிறார்கள்.

அதற்கு முன் ஒன்று. முட்டம் பாறைக் குழிகளில் அலைத் தண்ணீருக்குள் பிடித்ததா? அப்படியானால் அது கடலில் வாழும் வகை. மண் டப்பாவில் பிழைக்காது, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் காலிச் சங்கைச் சுமந்துகொண்டு இரவில் காய்ந்த மணலில் நடமாடும் தரைவாழ் சங்கு நண்டுக்கு (துறவி நண்டு என்பதும் இதுதான்) மட்டும்.

இரண்டு வாரம் ஒரு கணக்கே இல்லை. விரல் நுனி அளவு நண்டுக்கே சட்டை உரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலுமிச்சை அளவு என்றால் இரண்டு மாதம், அதற்கு மேலும் போகும். உள்ளே ஒரு சின்ன அறை செய்துகொண்டு, உடம்பில் நீரை ஏற்றி அந்த அழுத்தத்தில் பழைய தோட்டைப் பிளந்து வெளியே வரும். அப்போது உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும். பிறகு அந்தப் பழைய தோட்டையே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் தோண்டினால் அறை இடியும், மெத்தென்ற கால் பிய்யும், ஈரம் போகும். உள்ளேயே சாகும் நண்டும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. செத்தால் அழுகிய மீன் நாற்றம் மூடியைத் திறந்ததும் மூக்கில் அடிக்கும். அது இல்லாதவரை உயிரோடு இருக்கிறது என்றே வையுங்கள்.

இப்போது அவசரம் மேலே கிடப்பதற்குத்தான். ஆழமில்லாத மண், காய்ந்த மண், இரண்டில் ஒன்று இருந்தால் நண்டு மேலேயே உரிக்கும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேலும் கீழும் வெட்டி, அந்த வளையத்தை நண்டைச் சுற்றி மண்ணில் அழுத்தி நிறுத்துங்கள். நண்டைத் தொடக் கூடாது. மற்ற நண்டுகள் மோப்பம் பிடித்து வந்து தின்றுவிடும், அதற்குத்தான் இந்த வேலி. உரித்த தோடு பக்கத்தில் கிடந்தால் எடுத்து எறியாதீர்கள், அதுதான் சாப்பாடு. பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, மேலே அட்டை சாத்தி இருட்டாக்குங்கள்.

எறும்பு வந்தால் கதை முடிந்தது. டப்பாவை ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவில் தூக்கி வையுங்கள். எறும்புச் சாக்பீஸ், கொசுவத்தி, கொசு லிக்விட் எதுவும் அந்த அறையில் வேண்டாம். அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு மருந்து நண்டு இனத்துக்கு நஞ்சு.

உள்ளே இருப்பது தானாக மேலே வந்த பிறகு மண்ணை மாற்றுங்கள். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னைநார்த் தூள். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை, சாயத் தண்ணீர் தெளியும்வரை அலசினால் போதும். ஆழம் குறைந்தது 15 செ.மீ., அல்லது நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அடியில் நீர் தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், உள்ளே இருக்கும் நண்டு செத்துவிடும்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலைத் தவிர்ப்பேன். அதில் கதிர்வீச்சு விடும் தோரியம் உள்ள மோனசைட் என்ற தாது கலந்திருக்கும், மாதக்கணக்கில் அதற்குள் புதைந்து கிடக்கப் போகும் உயிருக்கு எதற்கு? எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும், அதுவும் வேண்டாம். பழைய கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்று மணல் யாரிடமாவது ஒரு சாக்கு இருக்கும், கேளுங்கள்.

காற்றில் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம் வேண்டும். செவுள் ஈரமாக இருந்தால்தான் மூச்சு விடும், காய்ந்தால் நாள்கணக்கில் மெல்ல மூச்சுத் திணறிச் சாகும். "கடலோர ஊர்தானே, ஈரத்துக்கு என்ன குறை" என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் ஃபேனுக்கு அடியில் டப்பாவை வைத்துப் பாருங்கள், தெரியும். கம்பிவலை மூடியைப் பாதிக்கு மேல் கண்ணாடியால் மூடுங்கள். ஈரமானி வாங்கினால் அப்படியே நம்பாமல் சோதியுங்கள்: ஒரு மூடி உப்பில் சில துளி நீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு ஜிப் பையில் ஓர் இரவு அடைத்து வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து ஹீட்டர் வாங்க வேண்டாம், நம் ஊர் வெப்பமே போதும்.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டு: ஒன்று குளோரின் இல்லாத கிணற்று நீர், ஒன்று கடல் நீர். கடல் நீரைச் சின்னமுட்டம், குளச்சல் துறைமுகப் பக்கம் எடுக்காதீர்கள், டீசல் கலந்திருக்கும். சமையல் உப்பைக் கரைத்து வைப்பது கடல் நீர் ஆகாது, அதில் மெக்னீசியமும் கால்சியமும் இல்லை. சுண்ணாம்புச் சத்துக்குக் கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டைக் கழுவிப் போடுங்கள். அதோடு உப்புப் போடாத நெத்தோலிக் கருவாடு, தேங்காய்த் துண்டு.

"வளர்ப்பதே தப்பு" என்று இதற்குக் கீழே யாராவது வருவார்கள். முழுக்கத் தப்பாகவும் சொல்ல முடியாது. இவை வீட்டில் குஞ்சு பொரித்துப் பெருகுவது மிக அரிது, விற்பனைக்கு வருவதெல்லாம் ஏதோ ஒரு கரையில் பிடித்ததுதான். ஆகவே இனி வாங்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே டப்பாவில் இருப்பதை அதற்காகச் சாக விடுவதா? சரியாகப் பார்த்தால் முப்பது வருஷம்கூட இருக்கும் உயிர் அது.

வேலியை எப்போது எடுப்பது? தோட்டைத் தின்று முடித்து, கால் நுனி கெட்டியாகி, தானே வளையத்தில் ஏறப் பார்க்கும்போது. அப்போது இப்போதைய சங்கைவிடச் சற்றே பெரிய வாய் உள்ள சங்கு இரண்டு மூன்று பக்கத்தில் இருக்கட்டும். பெயின்ட் அடித்தது வேண்டாம், பெயின்ட் உரிந்தால் அதையும் தின்னும்.