கப்பல் ஒரு பகல்தான் நிற்கும்: நார்மண்டி கடற்கரைகளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: வேலூரிலிருந்து அப்பாவை லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். செப்டம்பரில் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆறு நாள் கப்பல் சுற்றுலா போடலாம் என்று இருக்கிறோம். அதில் ஒரு நாள் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் காலை 7 முதல் மாலை 7 வரை கப்பல் நிற்குமாம். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 74 வயது, முழங்கால் வலி உண்டு. இரண்டாம் உலகப் போரில் நேசப் படைகள் இறங்கிய நார்மண்டி கடற்கரைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஐந்து கடற்கரைகளையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? கப்பல்காரர்களின் பஸ்ஸில் போவதா, தனி வண்டி வைத்துக்கொள்வதா?

பதில்: ஐந்தையும் பார்க்க முடியாது. இதை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். ஆனால் மூன்று இடங்களை ஆற அமரப் பார்க்கலாம். அந்தக் கரையில் அவசரமாக ஐந்து இடம் பார்த்தவர்களை விட, நிதானமாக மூன்று இடம் பார்த்தவர்கள்தான் மனம் நிறைந்து திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். கப்பல் 7 மணிக்குக் கரை அணைந்தாலும் நீங்கள் இறங்கி வண்டியில் உட்கார 8 ஆகிவிடும். மாலை 7 மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். வழியில் நெரிசல் வந்தாலும் சமாளிக்க, 5 மணிக்குத் துறைமுகம் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக கையில் இருப்பது 9 மணி நேரம். லெ ஆவ்ரிலிருந்து, ஐந்தில் ஒன்றான ஒமாஹா கடற்கரை ஏறக்குறைய 135 கிலோமீட்டர், ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். போக வர மூன்றரை மணி போனால் மிச்சம் ஐந்தரை. சாப்பாடு, கழிப்பறை, இடத்துக்கு இடம் போகும் நேரம் எல்லாம் அதற்குள்தான். மேற்கே யூட்டாவிலிருந்து கிழக்கே ஸ்வோர்டு வரை படைகள் இறங்கிய கரை சுமார் 80 கிலோமீட்டர் நீளம். அதில் யூட்டாதான் உங்களுக்கு மிகத் தூரம். அதை விட்டுவிடுங்கள்.

இதே கப்பல் ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போவதாக இருந்தால் என் பதில் வேறு. அங்கிருந்து யூட்டா ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஒமாஹாவுக்கு அருகே உள்ள பாயூ ஊருக்கு நேர் ரயிலும் உண்டு. லெ ஆவ்ரிலிருந்து ரயிலை நம்ப வேண்டாம். நடுவே சேன் நதியின் முகத்துவாரம் குறுக்கிடுவதால் ரயில் ரூவான் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பாதி நாள் ரயிலிலேயே கழிந்துவிடும்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் கோல்வில் கிராமத்தில் உள்ள அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டம், அடுத்து அதற்குக் கீழே ஒமாஹா மணல், அப்புறம் திரும்பும் வழியில் ஆரமான்ஷ் என்ற கடலோர ஊர். தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, கப்பலை நோக்கி நெருங்கி வரும்படி திட்டமிடுவது முக்கியம். ஒரு தடவை நான் கூட இருந்த ஒரு குடும்பம் அருகில் இருப்பதில் தொடங்கி யூட்டாவைக் கடைசியில் வைத்துக்கொண்டது. மாலையில் கான் நகரின் சுற்றுச்சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன. கப்பல் படியை நாங்கள் தொட்டபோது ஏற வேண்டிய கெடுவுக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. அந்த இரண்டு மணி நேரப் பதற்றத்தில், பகலில் பார்த்ததெல்லாம் அவர்களுக்கு மறந்தே போனது.

கல்லறைத் தோட்டத்துக்குள் கட்டணம் இல்லை. காலை 9 மணிக்குத் திறப்பார்கள், நுழைவில் பை சோதனை உண்டு. 9,380க்கும் மேற்பட்ட வெள்ளைச் சலவைக்கல் சிலுவைகளும், யூத வீரர்களுக்கான தாவீது நட்சத்திரங்களும் கடலை ஒட்டிய மேட்டில் வரிசை பிசகாமல் நிற்கின்றன. எல்லாம் மேற்கே, அமெரிக்கா இருக்கும் திசையைப் பார்த்தபடி. உடல் கிடைக்காத 1,557 பேரின் பெயர்கள் ஒரு வளைந்த சுவரில் இருக்கின்றன. சிலுவையில் வெட்டிய எழுத்துகள் வெள்ளைக்குள் வெள்ளையாக இருப்பதால் சற்றுத் தள்ளி நின்றால் பெயரே தெரியாது. இறந்தவரின் உறவினர் வந்தால், ஊழியர் ஒருவர் ஒமாஹா கரையிலிருந்து கொண்டுவந்த ஈர மணலை எழுத்துகளின் மேல் தேய்த்து, மேலே இருப்பதைத் துடைத்துவிடுவார். பள்ளத்தில் தங்கிய மணலால் பெயர் பழுப்பாக எழும்பி வரும். வெயில் காய்ந்ததும் மணல் உதிர்ந்து, கல் பழையபடி வெள்ளையாகிவிடும். நான் பார்த்த அன்று, அந்த உறவினர் பெயரைப் படிக்கவில்லை, விரலால் தடவிக்கொண்டே நின்றார். பாதைகள் பெரும்பாலும் சமதளம்தான், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேட்டிலிருந்து கடல் தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அது போதாது, மணலில் இறங்க வேண்டும். தோட்டத்திலிருந்து நேரே கீழே போகும் பாதையை மூடிவிட்டார்கள். வண்டியில் சுற்றி சேன் லோரான் பக்கம் இறங்கினால் கடற்கரைச் சாலையிலேயே நிறுத்தலாம், நடை குறைவு.

அங்கே ஏற்றமும் வற்றமும்தான் எல்லாவற்றுக்கும் சாவி. நம் மெரினாவில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். நார்மண்டியில் பெரிய ஏற்றவற்ற நாட்களில் அது 6, 7 மீட்டர் வரை போகும். வற்றத்தில் கடல் 300 மீட்டருக்கும் மேல் பின்வாங்கி, ஈர மணல் வயல் மாதிரி விரிந்து கிடக்கும். ஏற்றத்தில் அத்தனையும் நீருக்குள் போய்விடும். ஜெர்மானியத் தளபதி ரோமெல், படகுகளைக் கிழிக்க அந்த மணலில் இரும்புத் தடுப்புகளையும் கண்ணிவெடி கட்டிய மரக்கம்பங்களையும் நட்டு வைத்திருந்தார். அவை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நேசப் படைகள் நீர் தாழ்ந்திருந்து ஏறத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தன. 1944 ஜூன் 5 என்று குறித்திருந்த நாள் புயலால் ஒரு நாள் தள்ளிப்போனது. 6ஆம் தேதி காலை 6.30க்கு ஒமாஹாவில் இறங்கியவர்கள் மறைவே இல்லாத அந்த மணலை, மேட்டிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுடச்சுடக் கடக்க வேண்டியிருந்தது. அன்று ஒமாஹாவில் மட்டும் இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் 2,000க்கும் மேல்.

அதனால் உங்கள் தேதிக்கு அந்தக் கரையின் ஏற்றவற்ற அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். வற்ற நேரம் காலையில் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நீர் விளிம்பு வரை போய், முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று, மேட்டைப் பாருங்கள். ராணுவத்தில் இருந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பாதி தூரம் போனாலும் போதும். ஈர மணல் இறுகித்தான் இருக்கும், ஒரு கைத்தடி இருந்தால் நல்லது. காற்று பலமாக வீசும், காதை மூடும் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரமான்ஷில் பார்க்க வேண்டியது கடலுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய துறைமுகம் எதுவும் நேசப் படைகளின் கையில் இல்லாததால், இங்கிலாந்தில் கான்கிரீட் பெட்டிகளாகச் செய்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே ஒரு செயற்கைத் துறைமுகத்தையே கட்டினார்கள். ஒமாஹாவில் கட்டிய இன்னொன்றை ஜூன் 19 முதல் அடித்த புயல் உடைத்துவிட்டது, இது தாங்கியது. அந்தப் பெட்டிகளின் மிச்சம் இன்றும் வளைவாக நிற்கிறது. கரையோரத்திலேயே அருங்காட்சியகம், உணவகங்கள் எல்லாம் உண்டு. மதியம் 2 மணிக்கு மேல் பல உணவகங்களில் சமையல் நின்றுவிடும், அதற்கு முன் போய்விடுங்கள். சைவம் என்றால் பக்வீட் என்ற தானிய மாவில் சுட்டு, காளான், பாலாடைக்கட்டி வைத்த தோசை போன்ற ஒன்று கிடைக்கும், 'கலெட்' என்று கேளுங்கள். முட்டை, பன்றி இறைச்சி இரண்டையும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ரேஞ்சர் படை வீரர்கள் கயிறு கட்டி ஏறிய புவான் து ஓக் செங்குத்துப் பாறையை அப்பா கேட்டிருப்பார். குண்டுக்குழிகள் நிறைந்த மேடு பள்ளமான இடம் அது, மேற்கே இன்னும் தள்ளி இருக்கிறது. இந்த முழங்காலுக்கும் இந்த நேரத்துக்கும் வேண்டாம் என்பேன்.

சரி, எதில் போவது? கப்பல்காரர்களின் பஸ்ஸில் ஒரு பெரிய நிம்மதி: அந்த பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனால் இரண்டும் கிடையாது. ஆனால் நாற்பது ஐம்பது பேர் ஏறி இறங்குவதிலேயே நேரம் போகும், அப்பாவின் நடைக்கு யாரும் நிற்க மாட்டார்கள். நீங்கள் நான்கைந்து பேர் என்றால், துறைமுகத்துக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் வழிகாட்டியோடு கூடிய வேன்தான் என் தேர்வு. கப்பல் நாட்களைக் கையாண்டு பழகியவரா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்பாவும் நீங்களும் மட்டும் என்றால் கப்பல் பஸ்ஸே போதும். பட்டியலில் 'ஒமாஹா' என்று போட்டிருந்தாலும் மணலில் இறங்க நேரம் தருகிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டுவதானால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வேலூரிலேயே வாங்கிவிட வேண்டும். அங்கே ஏ13 நெடுஞ்சாலையில் இப்போது சுங்கச்சாவடித் தடுப்பே கிடையாது. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் நீங்களே இணையத்தில் கட்ட வேண்டும், தவறினால் அபராதம்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பிரான்ஸ் இங்கிலாந்தை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சில கப்பல்கள் தங்கள் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. கரைக்குப் போனதும் கைபேசி தானாக பிரெஞ்சு நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் எந்த நேரத்தைச் சொல்கிறது என்று முதல் நாள் இரவே வரவேற்பில் கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்து விசா பிரான்சில் செல்லாது, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் சவுத்தாம்ப்டனிலேயே கப்பலில் ஏற்ற மறுத்துவிடலாம். வழியில் கெர்ன்ஸி போன்ற ஷெங்கனில் சேராத தீவில் நின்று மறுபடி ஐரோப்பியத் துறைமுகம் வருவதானால், பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். லண்டன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சுற்றுலா விசாவில் அங்கே இருப்பவர்களிடம் பொதுவாக விண்ணப்பம் வாங்க மாட்டார்கள். கப்பல் தேதி உறுதியானதும் முதலில் சென்னையில் விசாவுக்கு நேரம் குறியுங்கள், வேன் பதிவு அதற்கு அப்புறம்.