மினுங்கும் கணவாயும் கருகும் நெல்லும்: பற்றீரியாக் கேள்விகள்

சந்தையில் வாங்கிய கணவாய் இரவில் நீலமாக மினுங்குகிறது. மருந்து ஏதும் அடித்திருப்பார்களோ? (கல்முனை)

மருந்தில்லை, கடல்நீரில் இயல்பாகவே வாழும் ஒளிரும் பற்றீரியாக்கள். இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டது விப்ரியோ ஃபிஷெரி. ஒவ்வொரு கலமும் ஹோமோசெரீன் லக்டோன் வகைச் சிறு மூலக்கூறு ஒன்றைச் சமிக்ஞையாக வெளியே கசியவிடும். திறந்த கடலில் அது கலைந்து போகும். நெருக்கமான இடத்திலோ தேங்கும். குறித்த செறிவைத் தாண்டியதும் லக்ஸ்ஆர் என்ற புரதத்துடன் சேர்ந்து ஒளி மரபணுக்களை முடுக்கிவிடும். சமிக்ஞையைத் தயாரிக்கும் லக்ஸ்ஐ மரபணுவும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. ஆகவே சமிக்ஞை சமிக்ஞையைப் பெருக்கி, கூட்டமே ஒளிரத் தொடங்கும். அடர்த்தி கூடினால்தான் ஒளி வருகிறது என்பதை நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற ஆய்வாளர் மூவரும் 1970இல் காட்டினார்கள். பற்றீரியாக்கள் இப்படிச் சமிக்ஞையால் தமக்குள் பேசிக்கொள்வதற்குக் கோரம் சென்சிங் என்ற பெயர் 1994இல்தான் வந்தது.

வீட்டில் பார்க்க, கழுவாத கணவாய்த் துண்டை லீற்றருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் பாதி அமிழ வைத்து, பிரிட்ஜில் ஓரிரு நாள் விடுங்கள். ஒளிக்கு ஒட்சிசன் வேண்டும், அதனால் முழுக்க மூழ்கக்கூடாது. இருட்டில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிய பிறகு பாருங்கள். நல்ல தண்ணீரில் கழுவினால் ஒளி போய்விடும். வெளியே நமது வெக்கையில் வைத்தால் அழுகல் பற்றீரியா முந்திக்கொள்ளும். பார்த்த துண்டைக் கறிக்கு எடுக்க வேண்டாம்.

பாசிக்குடாவில் தண்ணீரை அளைந்தால் மினுங்குவதும் இதுதானா?

இல்லை. அது பெரும்பாலும் டைனோஃபிளாஜலேற்று என்ற ஒருகல உயிர். அசைத்தால் பளிச்சிட்டு அணையும். பற்றீரியா ஒளி அசைக்காமலே நின்றெரியும்.

நெல் இலை ஓரம் மஞ்சளாகிக் காய்கிறது. நோயா, உரக்குறைவா? (அக்கரைப்பற்று)

கருகலும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுனை கீழாகத் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிற இழை இறங்கினால் பற்றீரியா. முற்றாகக் காய்ந்த இலையில் இது தெரியாது, அதை வைத்து நோயில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சான்தோமோனாஸ் ஒரைசே என்ற இந்தக் கிருமி டிஎஸ்எஃப் என்னும் கொழுப்பமிலச் சமிக்ஞையால் ஒருங்கிணைகிறது. அதைத் தயாரிக்கும் மரபணுவை நீக்கினால் நோயுண்டாக்கும் வலு குறைந்துவிடும். வயலில் செய்யக்கூடியது வேறு: யூரியாவை நிறுத்துங்கள், தேங்கிய நீரை வடியுங்கள், அந்த நீர் பக்கத்து வயலுக்குள் பாயாமல் பாருங்கள்.

தயிர்முட்டிக்குள்ளும் இந்தப் பேச்சு நடக்கிறதா? (வாழைச்சேனை)

அங்கே முக்கியமாக நடப்பது லக்டோபசிலஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற இரு பற்றீரியாக்களின் பண்டமாற்று. லக்டோபசிலஸ் பால்புரதத்தை உடைத்து அமினோ அமிலம் கொடுக்கும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பதிலுக்கு ஃபோர்மிக் அமிலமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கும். காய்ச்சிய பால் 42 முதல் 45 பாகைக்கு ஆறியபின், லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை போதும். பால் ஆறுமுன் உறையிட்டால் இரண்டுமே நலிந்துவிடும். புளிப்பு ஏற ஏற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் ஓய்ந்துவிட, லக்டோபசிலஸ் தொடர்ந்து புளிக்கவைக்கும். ஆகவே தயிர் இறுகிய உடனே முட்டியைக் குளிரில் வையுங்கள்.