துணிச்சல் இருந்தால் போதாதா, தொழிலுக்குத் திட்டம் எதற்கு?

ஜெயித்தவர்களெல்லாம் துணிந்து இறங்கியவர்கள்தானே, திட்டம் போட்டு நேரம் ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் சி.கே. ரங்கநாதனின் கதையைப் பாருங்கள். 1983-ல் குடும்பத் தொழிலை விட்டு 15,000 ரூபாயுடன் தனியாக வந்து சிக் ஷாம்பூ தொடங்கினார், இன்றைய கவின்கேர் நிறுவனம் அப்படிப் பிறந்ததுதான். துணிச்சல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் யாருக்கு விற்கப் போகிறோம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவைத்தான் நான் திட்டம் என்கிறேன்.

ஷாம்பூவே போடாத கிராமத்து வீடுகள்தான் அவர் குறி. அதனால் ஊர் ஊராகப் போய், சிறுவர்கள் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி ஷாம்பூவின் காலி சாஷே (சிறு பாக்கெட்) ஐந்தைக் கொடுத்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள், அப்புறம் சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். முதல் படி பழக்குவது, அடுத்த படி தக்கவைப்பது. 90-களின் கடைசியில் 50 காசுக்கே சாஷே கொடுத்தார்கள். அந்த விலைக்குள் சரக்கு, கவர், கடைக்காரர் கமிஷன் எல்லாம் அடங்க வேண்டுமென்றால் பைசா பைசாவாகக் கணக்குப் போடாமல் முடியுமா?

வங்கிக்காக நாற்பது பக்கம் எழுதுவது வேறு விஷயம். நீங்கள் முதலில் ஒரு தாளில் வாங்குபவர் யார், என்ன விலை, மாதம் எத்தனை விற்றால் வாடகையும் சம்பளமும் தேறும், விற்காவிட்டால் கையிருப்பு எத்தனை மாதம் வரும் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.