விசுவாசம் சோர்ந்து கிடந்தபோது உங்களைத் தூக்கி நிறுத்திய கிறிஸ்தவப் பாட்டு எது?

'ஐயையா நான் வந்தேன், தேவ ஆட்டுக்குட்டி வந்தேன்' கீர்த்தனைதான், யோசிக்கவே வேண்டியதில்லை.

இதற்கு மூலம் இங்கிலாந்தின் சார்லட் எலியட் எழுதிய பாட்டு, 1836லேயே அச்சில் வந்துவிட்டது. நோயாளியாகவே பல வருடம் வாழ்ந்தவர். வீட்டில் எல்லோரும் ஊழிய வேலையாக ஓடிக்கொண்டிருக்க, தன்னால் ஒன்றுக்கும் பிரயோஜனம் இல்லையே என்ற வேதனையில் எழுதினார் என்று சொல்வார்கள். ஒரு கறையையாவது கழுவிக்கொண்டு வருகிறேன் என்று காத்திருக்கவில்லை, இருக்கிறபடியே வருகிறேன் என்பதுதான் பாட்டு முழுக்க.

மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டாகவும் இதே பாட்டு உண்டு, 'நான் பாவிதான், ஆனாலும் நீர்' என்று தொடங்கும். ஆனால் நம் ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனையிலேயே ஊறிய ஊர் இது, தரங்கம்பாடிப் பக்கத்து எங்கள் சபையில், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குக் கீர்த்தனையைத்தான் எடுப்பார்கள்.

அப்பா இறந்தபிறகு அம்மா கோயிலுக்கு வருவார், திருவிருந்து நேரத்தில் மட்டும் பாயை விட்டு எழவே மாட்டார். ஜெபமே வரவில்லை, ஆண்டவர்மேல் கோபம்தான் வருகிறது, இந்த மனசோடு எப்படிப் போய் முழங்கால் போடுவது என்பார். நானும் வற்புறுத்தவில்லை. ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, கரண்ட் இல்லை, கீபோர்டு இல்லை, பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மாதான் இந்தப் பாட்டை எடுத்துக்கொடுத்தார், சபை அவர் பின்னால் மெதுவாக இழுத்துப் பாடியது. இரண்டாவது சரணம் முடிவதற்குள் பெரியம்மா குனிந்து, "மனசு சரியானதுக்கு அப்புறம் வரேன்னா அப்புறம் எதுக்குடி வரணும், எழுந்திரு" என்று அம்மாவின் முழங்கையைப் பிடித்தார். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். அழுகை நிற்கவில்லை, அப்பத்தை வாங்கிய கை நடுங்கிக்கொண்டே இருந்தது, போதகர் ஐயா பாத்திரத்தைச் சற்று நேரம் பிடித்தபடியே நின்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் 51ஆம் சங்கீதம் பிடிபட்டது. 'சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்' என்றுதான் தாவீது கேட்கிறார், சுத்தப்படுத்திக்கொண்டு வருகிறேன் என்று தவணை சொல்லவில்லை. புதுப்பிக்கிற வேலை ஆண்டவருடையது, போய் நிற்பது மட்டும்தான் நம்முடையது.

கேட்பதானால் ஸ்டுடியோவில் வேகமாகப் பாடிய பதிவு வேண்டாம். ஏதாவது கிராமத்துச் சபையில், திருவிருந்து ஞாயிறு அன்று, வயதான அம்மாக்கள் பாடும்போது கேளுங்கள்.