சேச்சி வரும்போது சொல்லிவிடுங்கள்

கேள்வி: என் ஊர் பொள்ளாச்சி, வாழ்க்கைப்பட்டது கொழிஞ்சாம்பாறை பக்கம். அம்மா இல்லாததால் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகவில்லை. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்தான் மகன் பிறந்தான். இன்று 36 நாள். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் அழுகிறேன். அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவனைப் பார்த்தால் மனசில் ஒன்றும் தோன்றவில்லை. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி (மலையாளத்தில் அக்கா) குழந்தையின் எடை பார்க்க வரும்போது சிரித்துச் சமாளிக்கிறேன். சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. "பச்ச உடம்புக்காரி அழுதா பால் வத்திரும்" என்கிறார் மாமியார்.

பதில்: முதலில் ஒன்று, அழுவதால் பால் வற்றாது. அந்தப் பயத்தை விடுங்கள்.

பிரசவமான மூன்று நான்கு நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது ரொம்பப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை, தூக்கமும் போய்விட்டது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பைத்தியம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது குணமாகும்.

ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீடு தேடி வர வேண்டும். 2011இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அப்படியானால் அடுத்த வாரம் சேச்சி வருவார். குழந்தையைத் துணியில் போட்டுக் கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்ப்பார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார். தாயின் மனசை அளக்க அவர் பையில் கருவி ஏதும் இல்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே நின்றால் அவருக்கு எப்படித் தெரியும்? மாமியாரைக் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "சேச்சி, மூணு வாரமா அழுகையா வருது, தூக்கமே இல்லை" என்று அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம், உங்கள் பக்கம் தமிழ் புரியாதவர்கள் குறைவு.

அவரால் என்ன செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கே பெண் சுகாதாரப் பணியாளர்கள் போய், பயிற்சி பெற்ற முறையில் பேசினார்கள். அவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சமிருந்தது. வழக்கம்போல் மட்டும் பார்த்துவந்த வீடுகளில் 53 சதவீதம். 2008இல் வெளியான ஆய்வு இது.

மகன்மேல் ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. பாசம் எல்லோருக்கும் பிரசவ அறையிலேயே சுரப்பதில்லை, சிலருக்கு மெல்லத்தான் வரும். ஆறாவது வாரத்தை ஒட்டி குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். பால் கொடுக்கும்போது ஒரு நிமிடம் அவன் கண்ணைப் பாருங்கள், ஏதாவது பேசுங்கள். உங்கள் குரலை வயிற்றிலேயே கேட்டவன் அவன். முடியாத நாளில் மாமியார் கொஞ்சட்டும், தப்பில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே சோர்வைக் கூட்டும். மாத்திரை தேவைப்பட்டாலும் செர்ட்ராலின் போன்றவற்றை டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். நடுராத்திரி தாங்க முடியவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

சாக வேண்டும் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால், யாரும் இல்லாதபோது குரல் கேட்டால், 42ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டாம். கணவரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதுவரை குழந்தையோடு தனியாக இருக்க வேண்டாம்.