தார் வெட்டிய வாழை மரத்தில் நார் எடுத்து விற்றால் கட்டுபடியாகுமா?

உங்களுக்கு ஒன்றிரண்டு ஏக்கர் வாழை இருக்கும். மிஷினில் மட்டையைச் சொருகிப் பளபளவென்று நார் இழுக்கிற வீடியோ பார்த்திருப்பீர்கள். நானும் அதைப் பார்த்துதான் விழுந்தேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், படுகையில் பூவன் வாழை எங்களுக்கு.

முதலில் கணக்கு. மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். 20 கிலோ மரத்துக்கு 200 கிராம் காய்ந்த நார் வந்தால் பெரிசு. எனக்கு 100 மரத்துக்கு 14 கிலோ தேறியது. தார் வெட்டின கையோடு மரத்தைச் சாய்த்து, மட்டை உரித்து, மிஷினுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நார் பழுப்பேறிவிடும். கொல்லைச் சேற்றில் அந்தத் தண்ணிப் பாரத்தைச் சுமக்கிற ஆள்கூலியை எந்த வீடியோவும் சொல்வதில்லை.

போதாததற்கு நான் ஆரம்பித்தது ஐப்பசியில். மூன்று நாள் விடாத மழை. திண்ணை, நடை, கட்டில் சட்டம் எல்லாவற்றிலும் நார் தொங்கியது. நாலாம் நாள் பார்த்தால் கரும்புள்ளி. வாங்க வந்தவர் ஒரு பிடியை முறுக்கி மோந்து பார்த்துவிட்டு, "ஈரம் இருக்கு தம்பி" என்று எடையில் 2 கிலோ கழித்தார். அம்மா திண்ணை ஓரத்தில் காய்ந்த பட்டையைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் கிழித்து முல்லை கட்டிக்கொண்டிருந்தார். "இதுக்காடா மோட்டாரு போட்ட?" என்றார்.

நார்த் தொழிலே வீண் என்று நான் சொன்னதாகக் கிளம்பாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து, பை, பாய் என்று முடைந்து விற்கிறவர்கள் சம்பாதிக்கிறார்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நான் போகாமல் இறங்கினேன், நீங்கள் போய்க் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எனக்குக் கைகொடுத்தது மிஷின் துப்பின சக்கைதான். சாணியோடு கலந்து மண்புழு விட்டேன். வாழை மண்ணிலிருந்து உறிஞ்சுகிற சாம்பல் சத்தில் பெரும்பங்கு மரத்திலேயேதான் நிற்கிறது. அது திரும்பக் கொல்லைக்கே போனதில் பொட்டாஷ் செலவு குறைந்தது. மரத்தை நிற்கவிட்டால் கூன்வண்டு குடியேறும், அந்தத் தொல்லையும் விட்டது. வாடல் நோய் கண்ட மரத்தை மட்டும் எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பூசணம் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். போன வைகாசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நாலு பக்கமும் வாழைக்கொல்லை, பந்தியில் பிளாஸ்டிக் பூசின பேப்பர் இலை! 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அது தடை. கேட்டால், "இலை வாங்கினா யாரு மாப்ள கழுவி நறுக்குறது?" என்கிறார். வாசலில் கட்டியிருந்த ரெண்டு மரமும் என் கொல்லையிலிருந்து ஓசியில் போனவை.

வாங்கியே தீருவேன் என்றால் என் மிஷினை வந்து பாருங்கள். மோட்டார் நன்றாக ஓடும். பிளேடு மாற்ற வேண்டும்.